சீனி என்று சொல்லாதவளும் பதினொரு மாதக் குழந்தையும் ஹாங்காங் போன கதை

கைக்குழந்தையோடு வெளிநாடு போகலாமா, போனால் தீம் பார்க்கில் அதற்கு என்ன இருக்கிறது என்று இரண்டு பேர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார்கள். தாராளமாகப் போகலாம். 2007 டிசம்பர் முதல் வாரத்தில் நான், என் மனைவி முருகேஸ்வரி, பதினொரு மாத மகள் மூவரும் ஹாங்காங் போய் ஆறு நாள் இருந்துவிட்டு வந்தோம். சளி, தடுமன்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் சென்னை விமான நிலையத்திலேயே எங்கள் பயணம் முடிந்திருக்க வேண்டியது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். பந்தியில் என் அண்ணி நாலு பேர் கேட்கச் சொன்னார்: "பன்னெண்டு வருசம் களிச்சுப் பெத்த பிள்ளை. இனி வாசப்படி தாண்டுவாகளா? காத்துப் பட்டா கரைஞ்சிரும்லா." எல்லோரும் சிரித்தார்கள். முருகேஸ்வரியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அண்ணன் வீட்டில் நடந்த எந்த வளைகாப்புக்கும் பத்திரிகையில் என் பேர் மட்டும்தான் எழுதியிருக்கும். 'குடும்பத்துடன்' என்ற சொல்லை எழுத அவர்களுக்கு மை தீர்ந்துபோயிருக்கும். இத்தனைக்கும் நடத்துவது அச்சகம். ஊட்டி, கொடைக்கானல் என்று போனால் இவர்களுக்கு உறைக்காது. கடல் தாண்டுவது என்று அன்று சாயங்காலமே முடிவு செய்தேன். இந்தியர்களுக்கு ஹாங்காங்கில் பதினான்கு நாளுக்கு விசா வேண்டாம். தீம் பார்க்கில் மூன்று வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது. முடிவு சுலபமாக இருந்தது.

குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். சூலக்கரை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்து நாற்பத்தேழு நாளில் வந்தது. மொட்டைத் தலையோடு எடுத்த புகைப்படம்தான், ஏற்றுக்கொண்டார்கள். வெள்ளைப் பின்னணிக்கு முருகேஸ்வரி தரையில் வேட்டியை விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்தாள். ஸ்டுடியோக்காரருக்கே அது தோன்றவில்லை.

அந்தப் பாஸ்போர்ட்டில் இருக்கும் பேரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. என் மகளின் பேர் சீனித்தாய். என் அம்மாவின் பேர். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மருமகள் மாமியார் பேரை வாயால் சொல்லக்கூடாது. பேரை மட்டுமல்ல, பேரில் ஒட்டிக்கொண்டிருக்கும் சொல்லையும். சென்னைக்காரர்கள் சர்க்கரை என்பதை நாங்கள் சீனி என்போம். முருகேஸ்வரி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதை 'வெள்ளை' என்றுதான் சொல்வாள். மளிகைக்கடை அண்ணாச்சியும் பழகிவிட்டார். அவளுக்குப் பிறந்த ஊர் சிவகாசி பக்கம் விஸ்வநத்தம், அப்பா ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். அப்படிப்பட்டவள் சீனிவெடியைப் 'பொடிவெடி' என்பாள். சீனாவைப் பற்றிப் பேச்சு வந்தால், "அந்த ஜப்பானுக்கு இங்கிட்டு இருக்குல்ல, அந்த நாடு."

இவ்வளவும் தெரிந்துதான் நான் அந்தப் பேரை வைத்தேன். அம்மாவைக் கடைசி ஏழு வருடம் வைத்துப் பார்த்தது நாங்கள். அம்மா போன மறுவருடமே அண்ணன் தன் பிரஸ்ஸுக்கு அம்மா பேரை வைத்துக் காலண்டர் காலண்டராக அடித்து ஊரெல்லாம் அனுப்பினார். அந்தப் பேர் அவருக்கு மட்டும் பட்டா போட்டதா என்ன? வேடிக்கை என்னவென்றால் அண்ணிக்கும் அதே கட்டுப்பாடுதான். பிரஸ்ஸில் போன் அடித்து அவர் எடுத்தால், "காலண்டர் கம்பெனி" என்பார். கம்பெனி பேரைச் சொல்லமாட்டார். என் மகளுக்குப் பேர் வைத்தபோது, "பேரு வச்ச ஆளே கூப்பிட்டுக்கிடட்டும்" என்றார். அப்படித்தான் ஆயிற்று. முருகேஸ்வரி மறுநாளிலிருந்து ஹரிணி என்று கூப்பிட ஆரம்பித்தாள். தெருவும் ஹரிணி என்றது. சீனித்தாய் என்று கூப்பிட நான் ஒருவன் மட்டும் மிஞ்சினேன்.

சிவகாசியிலிருந்து சென்னைக்குச் செங்கோட்டை ரயிலில் போனோம். சுமார் 560 கிலோமீட்டர். கீழ்ப்படுக்கை கேட்டு வாங்குங்கள். குழந்தையைச் சுவர்ப்பக்கம் போட்டுப் படுக்கலாம். விமானம் காலை 10.15க்கு. ரயில் தாமதமானால் வம்பு என்று ஒரு நாள் முன்னதாகவே போய்த் திரிசூலத்தில் அறை எடுத்தோம். வாடகை 650 ரூபாய், கொசு இலவசம். எழும்பூரில் இருந்து ஆட்டோ பிடிக்காதீர்கள். அங்கேயே பக்கத்து நடைமேடையில் மின்சார ரயில் இருக்கிறது, ஏழு ரூபாய். நான் ஆட்டோவுக்கு 280 கொடுத்தேன். "குளந்தை இருக்கு, மீட்டர் பாக்காதீங்க சார்" என்றார் ஓட்டுநர். குழந்தைக்கும் மீட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை 7.40க்கு விமானக் கம்பெனியின் கவுண்டரில் நின்றோம். அங்கிருந்த இளைஞர் மூன்று பாஸ்போர்ட்டையும் மூன்று டிக்கெட்டையும் அடுக்கினார். மறுபடி அடுக்கினார். பிறகு, "சார், மூணாவது டிக்கெட் யாருது?" என்றார்.

"குழந்தையுது."

"டிக்கெட்ல ஹரிணின்னு இருக்கு. பாஸ்போர்ட் வேற பேரு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அக்டோபரில் டிக்கெட் போட்டபோது பாஸ்போர்ட் வரவில்லை. விருதுநகர் ஏஜெண்ட் வீட்டுக்குப் போன் செய்தபோது நான் ஆலங்குளத்தில் ஷிப்டில் இருந்தேன். அங்கே சிமெண்ட் ஆலைச் சோதனைச் சாலையில் கெமிஸ்ட் வேலை. "பாப்பா பேரு சொல்லுங்கம்மா" என்று ஏஜெண்ட் கேட்டிருக்கிறார். முருகேஸ்வரி எதைச் சொல்லமுடியுமோ அதைச் சொல்லியிருக்கிறாள். பாஸ்போர்ட் வந்தபிறகு எண்ணை மட்டும் கொடுத்தோம். டிக்கெட் கைக்கு வந்ததும் எங்கள் இருவர் பேரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த நான், மூன்றாவது தாளைத் திருப்பக்கூட இல்லை.

இளைஞர் மேலதிகாரியை அழைத்தார். நாற்பது வயதுப் பெண்மணி, கையில் வயர்லெஸ். அவர் சொன்னது நியாயமான விஷயம்தான், இப்போது யோசித்தால். ஒரு ஆள் டிக்கெட்டில் வேறு ஆள் போக முடியாது. ஒரே ஆள்தான், எழுதியது தப்பு என்றால் திருத்தித் தரலாம். ஹரிணி என்று இன்னொரு குழந்தை இல்லை என்று அவருக்குத் தெரியவேண்டும். அன்றைக்கு எனக்கு அது நியாயமாகப் படவில்லை. எம்.எஸ்சி. படித்த ஆங்கிலத்தை எல்லாம் எடுத்து அவர்மேல் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு முருகேஸ்வரியிடம் திரும்பினார்.

"நீங்கதானே அம்மா?"

"ஆமா."

"குழந்தை பேரு என்ன?"

முருகேஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"சார், நீங்க சொல்லாதீங்க. அவங்க சொல்லட்டும்."

"ஹரிணின்னு கூப்பிடுவோம்."

"சரி. பாஸ்போர்ட்ல இருக்கற பேரு?"

"அது இவுக அம்மா பேரு."

"அவங்க பேரு என்ன?"

"அதை நான் எப்பிடிங்க சொல்ல?"

மேலதிகாரியின் முகம் மாறியது. பெற்ற குழந்தையின் பேரைச் சொல்லத் தெரியாத தாய்! குழந்தை கடத்துகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று அவருக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் ஒவ்வொன்றாக எங்களோடு பொருந்திக்கொண்டு வந்தது. மணி 8.35. கவுண்டர் மூடுவது 9.15க்கு. எங்களுக்குப் பின்னால் நின்ற கோட்டுப் போட்ட ஒருவர் கடிகாரத்தை எங்களுக்குத் தெரியும்படி பார்த்தார்.

"ஒரு தாள் குடுங்க, எளுதித் தாரேன்" என்றாள் முருகேஸ்வரி.

"எழுத வேண்டாம்மா. வாயால சொல்லுங்க."

"காப்பில போடுவாகல்ல..."

"பால் பவுடரா?" என்றார் இளைஞர், உதவி செய்யும் ஆர்வத்தில்.

"பாலு இல்ல. வெள்ளையா இருக்கும். இனிப்பு."

"சர்க்கரையா? சர்க்கரைன்னா பேரு வச்சிருக்கீங்க?"

"அய்ய, சர்க்கரை இல்ல. எங்க ஊர்ல அதுக்கு வேற பேரு. அதுக்குப் பின்னாடி அம்மான்னு அர்த்தம் வாரமாதிரி ஒண்ணு சேக்கணும்."

விடுகதை போட்டால் விமானத்தில் ஏற்றுவார்கள் என்று நினைத்தாள் போல. நான் மறுபடி ஆங்கிலத்தை எடுத்தேன். மேலதிகாரி வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தார். யாரையோ கூப்பிடப் போகிறார் என்று தெரிந்தது. அண்ணி பந்தியில் நின்று சிரித்தது எனக்குக் கண்முன் வந்தது: வாசப்படி தாண்டினாகளா? திரிசூலம் வரைக்கும் தாண்டினோம் அண்ணி.

முருகேஸ்வரி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்தினாள், மாமியார் எதிரில் வந்து நின்றதுபோல. தரையைப் பார்த்து, அந்த இடமே கேட்கும்படி, "அத்தே, மன்னிச்சிருங்க!" என்றாள். பிறகு நிமிர்ந்து மேலதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்.

"சீனித்தாய். எம் பிள்ள பேரு சீனித்தாய்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்காத சொல். குழந்தையும் கேட்டதில்லை. அது அவள் வாயையே பார்த்தது, புதிதாக ஏதோ விளையாட்டுச் சாமான் அங்கிருந்து வந்ததுபோல. விரலை உள்ளே விட்டுத் தேடியது.

"இதைச் சொல்லவாம்மா இவ்வளவு நேரம்?" என்றார் மேலதிகாரி. பிறப்புச் சான்றிதழைக் கேட்டார், பார்த்தார். திருத்தக் கட்டணம் 1,200 ரூபாய். 9.05க்கு மூன்று போர்டிங் கார்டும் கையில் வந்தன. குடியேற்றக் கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமல் குழந்தை பேரைக் கேட்டார். முருகேஸ்வரி சொன்ன சத்தத்தில் அவர் தலையைத் தூக்கினார்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம், அங்கே மாறி ஹாங்காங் இன்னொரு நாலு மணி நேரம். பெரியவர்களுக்குப் போகவர ஆளுக்கு 24,600, குழந்தைக்கு 3,100. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்துக்கொண்டே இருங்கள், காது வலிக்காது. முன்வரிசை கேட்டால் சுவரில் மாட்டும் தொட்டில் தருவார்கள். எங்கள் மகள் அதில் படுக்க மறுத்துவிட்டாள். அது நாங்கள் கொண்டுபோன சத்துமாவு டப்பாவுக்கு வசதியாக இருந்தது.

ஹாங்காங்கில் கௌலூன் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் தங்கினோம். ஒரு நாளைக்கு 380 டாலர். அப்போது ஒரு ஹாங்காங் டாலர் ஐந்து ரூபாய் இருபது காசு. அறை எங்கள் சமையலறை அளவு. ஆனால் வெந்நீர்க் கெட்டில் இருந்தது. சத்துமாவும் ரசப்பொடியும் கொண்டுபோனவர்களுக்கு அது போதும். டிசம்பரில் குளிர் 16 டிகிரி. சிவகாசி உடம்புக்கு அது மார்கழியைவிட அதிகம். குழந்தைக்குக் காதை மூடும் தொப்பி அவசியம், பெரியவர்களுக்கும்தான். நான் எடுத்துப்போகாமல் அங்கே 35 டாலருக்கு வாங்கினேன். அதில் கரடிக் காது இருந்தது. ஆறு நாளும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

தீம் பார்க்குக்கு மூன்றாம் நாள் போனோம். மெட்ரோவில் சன்னி பே வரை போய், அங்கே பார்க் ரயிலுக்கு மாறவேண்டும். மொத்தம் நாற்பத்தைந்து நிமிடம். அந்த ரயிலின் ஜன்னலே எலித்தலை வடிவில் இருக்கிறது. வார நாளில் பெரியவர் டிக்கெட் 295 டாலர், வாரக்கடைசியில் அதிகம். வார நாளில் போங்கள். பத்து மணிக்குத் திறக்கும்போதே உள்ளே நிற்கவேண்டும். தள்ளுவண்டி வாடகைக்குக் கிடைக்கிறது.

பதினொரு மாதக் குழந்தைக்கு அங்கே என்ன இருக்கிறது? நான் நினைத்ததைவிட அதிகம். குதிரை ராட்டினத்தில் நாங்கள் மடியில் வைத்துக்கொண்டு ஏறலாம், மூன்று முறை ஏறினோம். பார்க்கைச் சுற்றிவரும் நீராவி ரயிலில் கூட்டமே இல்லை. படகில் போகும்போது பொம்மை யானை தண்ணீர் பீய்ச்சியது. குழந்தை சிரித்த சிரிப்பில் படகோட்டிப் பெண் தன் மைக்கை அதன் வாயருகே நீட்டினாள். சுழலும் கோப்பைகளில் ஏறாதீர்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் ஆயிற்று. பால் கொடுக்கவும் உடை மாற்றவும் தனிக் கட்டடம் இருக்கிறது. சூடுபடுத்தும் அடுப்பு, குட்டி நாற்காலி எல்லாம் உண்டு, சுத்தமென்றால் அப்படிச் சுத்தம். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை நினைத்துக்கொண்டேன். நினைத்திருக்கக்கூடாது.

வாசலுக்கு அருகே ஒரு அலுவலகத்தில் முதல்முறை வருகிற குழந்தைகளுக்கு வட்டமாக ஒரு பேட்ஜ் தருகிறார்கள். பேர் எழுதிக் குத்திக்கொள்ளலாம். இலவசம். கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த சீனப் பெண் பேனாவைத் திறந்து பேர் கேட்டாள். ஹரிணி என்றே எழுதிக்கொள்ளட்டும் என்று நான் ஒதுங்கி நின்றேன். அந்தப் பேரிலும் குறை ஒன்றும் இல்லை. அவளைப் பெற்றவள் வைத்தது.

"சீனித்தாய்" என்றாள் முருகேஸ்வரி.

"சினி?" என்றாள் அந்தப் பெண்.

"சினி இல்ல. சீ...னித்தாய்." என்னிடம் திரும்பினாள். "முளுசா எளுதச் சொல்லுங்க. பாதி எளுதி விட்றப் போறா."

எட்டு மணிக்குக் கோட்டைமேல் வாணவேடிக்கை. சிவகாசிக்காரர்கள் இதைப் பார்க்கவா ஹாங்காங் போனீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். சுற்றியிருந்த குழந்தைகள் எல்லாம் அலறின. எங்கள் மகள் முதல் வெடிக்குக் கண்ணைத் திறந்தாள், இரண்டாவதுக்குக் கொட்டாவி விட்டாள், மூன்றாவதில் தூங்கிவிட்டாள். போர்மேன் மகள் கழுத்தை நிமிர்த்தி உன்னிப்பாகப் பார்த்தாள். "கலரு நல்லா எறங்குது. பச்சை சுத்தமா இருக்கு. எங்கப்பா பாத்தா கும்பிடுவாரு." பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, இம்புட்டு விடுறாகளே, ஒரு சீனிவெடி இல்லியே" என்றாள். சொல்லிவிட்டு, தானே சிரித்தாள். நானும் சிரித்தேன். பதினைந்து நிமிடம், செலவு எவ்வளவு இருக்கும் என்று ஒருமுறைகூடக் கணக்குப் போடாமல் பார்த்தேன்.

இனி, போகிறவர்களுக்கு. டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ள பேர்தான் இருக்கவேண்டும், வீட்டில் கூப்பிடுவது அல்ல. போனில் சொல்லாதீர்கள், நகல் எடுத்துக் கையில் கொடுங்கள். கைக்குழந்தையின் டிக்கெட் தனித் தாளாக வரும், அதையும் படியுங்கள். பிறப்புச் சான்றிதழைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் அல்ல. ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்குமேல் திட்டம் போடாதீர்கள். ஒரு நாள் எங்கும் போகாமல் இருங்கள். நாங்கள் அப்படி இருந்த நாளில்தான் மகள் கட்டிலைப் பிடித்து முதல்முறையாக எழுந்து நின்றாள். மூவருக்கும் எல்லாம் சேர்த்து 91,000 ரூபாய் ஆயிற்று. அதிகம்தான். இன்னொன்றும் சொல்லவேண்டும். பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது, அதைத் தினமும் கூப்பிடப் போவது யார் என்று யோசித்து வையுங்கள். நான் யோசித்தது அண்ணனை மட்டும்தான்.

திரும்பி வந்த பத்தாம் நாள் அண்ணி வந்தார், போட்டோ பார்க்க. அதாவது, போனது உண்மைதானா என்று பார்க்க. எலித்தலை ஜன்னல், நீராவி ரயில், கரடிக் காதோடு நான் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். குழந்தை பேட்ஜைக் குத்திக்கொண்டு சுவரைப் பிடித்து நடைபழகிக்கொண்டிருந்தது. அண்ணி அதைப் பார்த்து, "ஹரிணிக் குட்டி, ஏரோப்ளேன்ல போனியாமே?" என்றார்.

அடுப்படியிலிருந்து முருகேஸ்வரியின் குரல் வந்தது. "ஏ சீனித்தாய், பெரியம்மா கேக்காகல்ல, சொல்லு."

அண்ணி கையிலிருந்த போட்டோ அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். நான் கூரையில் ஏதோ இருப்பதுபோல் அண்ணாந்து பார்த்தேன். முருகேஸ்வரி காப்பி டம்ளரோடு வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ஒரு குறும்பும் இல்லை, உபசரிப்பு மட்டும்தான்.

"அக்கா, உங்களுக்குச் சீனி எம்புட்டுப் போட?"

அண்ணி பேட்ஜைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார்.

"ஒரு கரண்டி" என்றார்.

எது ஒரு கரண்டி என்று கடைசிவரை சொல்லவில்லை.